வைத்திய கலாநிதி இராஜசுந்தரம்

அகதி என்னுஞ் சொல்லின் பொருளைக் கொடிகாமத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி தாண்டி வந்தபோது, தென்மராட்சியின் பாடசாலைகளும் கோயில் மடங்களும் தென்னங்காணிகளும் அவர்களுக்கு வீடாயின. 2000ஆம் ஆண்டிலே நாமே மூட்டை கட்டினோம். அதற்கு வெகு காலத்துக்கு முன்னரே, கஞ்சி வார்ப்பதோடு அகதிக்குச் செய்யுந் தொண்டு முடிந்துவிடாதெனக் கண்டு நடந்த ஒருவரை எமது வாலிபர்கள் அறிதல் வேண்டும்.

வவுனியாவிலே வைத்தியத் தொழில் புரிந்த இராஜசுந்தரம் அவர்கள், கட்டிடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் ஐயாவுடன் சேர்ந்து காந்தியம் என்னுந் தாபனத்தை வளர்த்தார். 1977 ஓகஸ்ட் கலவரத்திலே அடிபட்டு வன்னிக்கு வந்தவர்களுட் பலர் மலையகத் தோட்டத் தொழிலாளர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்த குடும்பத்தார். ஊருமில்லை, உறுதிக் காணியுமில்லை. அவர்களைக் குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆட்களென்று எண்ணியவர்கள் எம்மவருள்ளும் இருந்தனர். இதனை மறைப்பதிற் பயனில்லை.

இராஜசுந்தரம் அவர்களோ அவர்களைக் கமக்காரராகக் கண்டார். காடு வெட்டிய நிலத்திலே குடியிருத்தி, கிணறும் விதையும் மண்வெட்டியும் கிடைக்க வழி செய்தார். பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை அமைத்து, கிராமத்துப் பெண்களையே ஆசிரியைகளாகப் பயிற்றுவித்தனர் காந்தியத்தார். பிறநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பணமும் இவ்வழியிற் பயன்பட்டது. நோயாளியைப் பார்த்து மருந்தெழுதிவிட்டு வீடு திரும்பியிருந்தால் அவர் நெடுங்காலம் சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

போராளிகளுக்கு உதவியதாகச் சந்தேகித்த அரசு, 1983 ஏப்ரலிலே அவரையும் டேவிட் ஐயாவையும் சிறைப்படுத்தியது. ஜூலைக் கலவரத்தின்போது இருவரும் கொழும்பு வெலிக்கடைச் சிறையிலிருந்தனர். 25ஆந் திகதி அங்கே 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். 27ஆந் திகதி கொலைகாரர் மறுபடி வந்தபோது, இராஜசுந்தரம் அவர்கள் கதவருகே சென்று, தம்முடன் இருந்தோரைக் கொல்ல வேண்டாமென மன்றாடினார். அவரை வெளியே இழுத்து அடித்துக் கொன்றனர். உள்ளிருந்தோர் கைக்கெட்டியவற்றைக் கொண்டு எதிர்த்து நின்றனர். டேவிட் ஐயா உயிர் தப்பினார். அன்று மாண்டோர் 18 பேர்.

அடுத்த ஆண்டு, கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகிய இடங்களிற் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் பண்படுத்திய மண்ணிலே சிறைக்கைதிகள் குடியிருத்தப்பட்டனர். கிணறுகளை விட்டுவிட்டு, அவர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தனர்.