பல்லுக்கு கிளிப் போட வழிகாட்டியவர்... அவருக்கே பிடி கொடுக்காத ஒரு சிக்கல்! யார் இந்த எட்வர்ட் ஆங்கிள்?

பல்லுக்கு கிளிப் போட்டிருக்கும் சிலரோட ஈறுல, அரிசி அளவுக்கு ஒரு குட்டி ஸ்க்ரூ இருப்பதைப் பார்த்திருப்பீங்க. மினி இம்பிளாண்ட் என்று பெயர். கிளிப் போட்ட பிறகு தனியா இந்த ஸ்க்ரூ எதுக்கு? அதைப் புரிஞ்சுக்க, நவீன பல் சீரமைப்பின் தந்தை என்று அழைக்கப்படும் எட்வர்ட் ஆங்கிளோட கதையைத் தெரிஞ்சுக்கணும்.

1855-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில், ஹெரிக் என்ற ஊரில் பிறந்தவர் ஆங்கிள். 1878-ல் பல் மருத்துவப் பட்டம் வாங்கி, சொந்த மாகாணத்திலேயே தொழில் தொடங்கினார். ஆனா நுரையீரல் பிரச்சினை படுத்தி எடுத்தது. காற்று மாறினா உடம்பு தேறும் என்று மினசோட்டா போனார். அப்புறம் பல் வைத்தியத்தையே விட்டுட்டு, மொன்டானாவில் ஆடு வளர்க்கக் கிளம்பிட்டார். அந்த வருஷம் அடிச்ச கடும் பனியில மந்தை மொத்தமும் போச்சு. கையில ஒண்ணும் இல்லாம, மறுபடியும் பல் பிடுங்கும் குறடைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பனிக்காலம் கொஞ்சம் கருணை காட்டியிருந்தா, பல் சீரமைப்பு வேறொருத்தர் பேரில் இருந்திருக்கும்!

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர், 1892-ல் அந்தப் பதவியையும் உதறினார். இனி கோணல் பல்லைச் சரிசெய்வது மட்டும்தான் வேலை என்று முடிவெடுத்தார். அதுக்குன்னு தனி மருத்துவர் தேவையா என்று பலரும் யோசித்த காலம் அது. 1899-ல் அவர் வெளியிட்ட வகைப்பாடுதான் எல்லாத்தையும் மாத்தியது. மேல் கடைவாய்ப் பல்லும் கீழ் கடைவாய்ப் பல்லும் எப்படிக் கவ்வுகின்றன என்பதை வைத்து, கடி சரியில்லாத வாய்களை மூணு வகையா பிரித்தார். உங்க பல் டாக்டர் கிளாஸ் ஒன், கிளாஸ் டூ, கிளாஸ் த்ரீ என்று எழுதுகிறாரே, அது ஆங்கிள் போட்ட கணக்குதான். அடுத்த வருஷமே செயின்ட் லூயிஸ் நகரில் இதுக்கென்று தனிப் பள்ளியும் தொடங்கிட்டார்.

*பிடிமானம் எங்கே?*

பல் எலும்போட ஒட்டிக்கிட்டு இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கு. தொடர்ந்து மெதுவா அழுத்தம் கொடுத்தா, ஒரு பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் புது எலும்பு வளரும், பல் நகரும். அதுலதான் சிக்கலே. முன்பல்லைப் பின்னால இழுக்க, அதைக் கடைவாய்ப் பல்லோட கட்டி இழுக்கணும். தண்ணியில ரெண்டு தோணியைக் கயிறு போட்டு இழுத்தா என்ன ஆகும்? ரெண்டுமே ஒண்ணை நோக்கி ஒண்ணு வரும். அதே மாதிரி, நகரக் கூடாத கடைவாய்ப் பல்லும் முன்னால வந்துடும். கரையில ஒரு கல்தூண் இருந்தா கவலையில்லை. வாய்க்குள்ள அந்தத் தூணுக்கு எங்கே போறது?

ஆங்கிள் விடாம முயற்சி பண்ணினார். பல பற்களைச் சேர்த்துக் கட்டினார். மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் ரப்பர் பேண்ட் மாட்டினார். தலையில தொப்பி மாதிரி ஒரு கவசம் போட்டு, பின்மண்டையில் இருந்தும் இழுத்தார். எல்லாத்திலும் ஓரளவு பலன் கிடைத்தது. ஆனா தொப்பியைப் பிள்ளைங்க கழட்டி வச்சிட்டா அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், பல் பிடுங்குவதா வேண்டாமா என்ற சண்டை. ஆரம்பத்தில் தேவைப்பட்டா பிடுங்கலாம் என்றுதான் அவரும் எழுதினார். 1907-ல் வந்த புத்தகப் பதிப்பில் அடியோட மாறிட்டார். எல்லாப் பல்லும் இருந்தாத்தான் முகம் சரியா அமையும் என்பது அவரோட முடிவு. ஒரு பல்கூடக் குறையாத, கச்சிதமான கடி கொண்ட மண்டையோடு ஒன்றை முன்மாதிரியா வச்சு, அதுக்கு ஓல்டு குளோரி என்று பெயரும் கொடுத்தார். கால்வின் கேஸ் என்ற மருத்துவர் எதிர்த்தபோது, 1911-ல் பெரிய விவாதமே நடந்தது. ஆங்கிள் அசைந்து கொடுக்கவில்லை. திறமைக்கு ஈடா பிடிவாதமும் உள்ள மனுஷர்.

உடல்நிலை காரணமா கலிஃபோர்னியா போன பிறகும் ஓயவில்லை. பல் மருத்துவம் படித்தவரான மனைவி அன்னா ஹாப்கின்ஸ் கூடவே நின்றார். 1920-களில் அவர் உருவாக்கிய எட்ஜ்வைஸ் பிராக்கெட்டில், செவ்வக வடிவக் கம்பி உட்கார ஒரு காடி இருந்தது. இதனால வேரையும் சேர்த்துத் திருப்ப முடிந்தது. அந்தக் காடியின் 0.022 அங்குல அகலம் இன்னிக்கு விற்கும் பிராக்கெட்டுகளிலும் தொடருது. 1930 ஆகஸ்டில், 75 வயதில் ஆங்கிள் காலமானார்.

அவரோட கொள்கையை உடைத்தது வெளியாள் இல்லை. அவரிடமே படித்த சார்லஸ் ட்வீட், குருவின் சொல்படி பல் பிடுங்காமத்தான் வருஷக்கணக்கா சிகிச்சை செய்தார். பல பேருக்கு வாய் முன்னால தள்ளிக்கிட்டு நின்றது, பற்கள் பழையபடி நெருக்கின. அதனால அதே நோயாளிகளுக்கு நாலு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துட்டு மறுபடியும் சிகிச்சை செய்து, 1940-ல் எல்லார் முன்னாடியும் வைத்தார். ஆனா பல்லை எடுத்த இடைவெளியை முன்பல் வந்து அடைக்கணும், கடைவாய்ப் பல் அடைக்கக் கூடாது. பிடிமானப் பிரச்சினை இன்னும் பெரிசாச்சு.

எலும்பிலேயே தூண் நடலாமா என்று 1945-ல் நாய்களின் தாடையில் ஸ்க்ரூ போட்டுப் பார்த்தாங்க. சில வாரங்களில் எல்லாம் ஆடிப்போச்சு. 1983-ல் ஒரு நோயாளிக்கு மூக்குக்குக் கீழே ஸ்க்ரூ போட்டு முன்பற்களை மேலே தூக்கிக் காட்டினார்கள். 1997-ல் ஜப்பானின் கனோமி, 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குட்டி ஸ்க்ரூவைப் பயன்படுத்தினார். ஸ்க்ரூவைச் சுற்றிப் பல்லுக்கு இருப்பது போன்ற சவ்வு கிடையாது. அதனால பல் மாதிரி நகர்ந்து வராது.

இப்போ மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் ரெண்டு வேர்களுக்கு நடுவில் சில நிமிஷத்தில் பொருத்திடுறாங்க. பத்தில் ஒண்ணுக்கும் சற்று அதிகமானவை நடுவிலேயே ஆடிப்போவதும் உண்டு. சுத்தமா வச்சுக்கலைன்னா அந்த ஆபத்து இன்னும் கூடும். சிலருக்கு இதோட உதவியால மொத்த வரிசையையும் பின்னால தள்ளி, ஆங்கிள் ஆசைப்பட்ட மாதிரி பல் பிடுங்காமலே சரிசெய்யவும் முடியுது. வேலை முடிந்ததும் ஸ்க்ரூவைத் திருகிக் கழட்டிடுவாங்க. அந்த ஓட்டை தானா மூடிக்கும்.