ஆலயக் கதவம் திறந்த ஓமந்தூரார்

உத்ஸவ காலத்தில் எம்பெருமானை ஸேவிக்கப் பல ஊர்களினின்றும் பக்தகோடிகள் திரள்கின்றனர். நீர் எக்குலத்தவர் என்று கோபுர வாசலில் வினவி எவரையும் தடுக்க இன்று சட்டம் இடந்தருவதில்லை. இந்நிலை தானாக வந்ததன்று. சென்னை மாகாணத்தில் இதற்கு உறுதியான சட்டம் பிறந்தது 1947-ஆம் ஆண்டில். அப்போது பிரதம மந்திரிப் பொறுப்பிலிருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆவார். மாகாண அரசின் தலைவரை அக்காலத்தில் அவ்வாறே அழைப்பது வழக்கம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி உழவர் குடும்பத்தில் அவதரித்தார் ரெட்டியார். காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பதவியை நாடியவரல்லர், பதவிதான் அவரை நாடி வந்தது. பிரகாசம் அவர்களின் மந்திரிசபை விலகியபின், 1947 மார்ச் 23-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். நாடு விடுதலை பெற்ற நன்னாளிலும் அவரே மாகாணத்தை வழிநடத்தினார். திருவரங்கம், திருமலை, குருவாயூர் ஆகிய திவ்ய க்ஷேத்திரங்கள் யாவும் அன்று அம்மாகாணத்தினுள்ளேயே அடங்கியிருந்தன.

ராஜாஜி காலத்தில் 1939-இல் ஆலயப் பிரவேசத்திற்கு ஒரு சட்டம் வந்ததுண்டு. கோயிலைத் திறக்க முன்வரும் தர்மகர்த்தர்களுக்கு அது துணை நின்றது. திறக்க மனமில்லாதவரைப் பணிக்கவில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டமோ, விலக்கி வைக்கப்பட்டோர் அனைவரும் பிற இந்துக்களைப் போலவே உட்சென்று வழிபடலாம் என்பதை உரிமையாகவே ஆக்கிற்று. பூஜை முறைக்கும் ஒழுங்கிற்கும் விதிகள் வகுக்கும் அதிகாரம் தர்மகர்த்தர்களிடமே விடப்பெற்றது. ஆனால் குலத்தைக் காரணமாகக் கொண்டு வேற்றுமை பாராட்டலாகாது என்பது நிபந்தனை. மரபைக் காத்துத் தடையை மட்டும் நீக்கிய நுட்பம் இதுவேயாகும்.

குருவாயூரில் 1931-இல் தொடங்கிய ஸத்யாக்ரஹத்தின்போது திறவாத கதவம், 1947 ஜூன் 2-இல் திறந்தது. கண்ணனைக் காண ஏங்கி வெளியே நின்றோர் உள்ளே புகுந்து ஸேவித்தனர்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஆகமம் பிழைபடுமே என்று அஞ்சியோர் பலர். அவருள் மெய்யன்பினால் கலங்கியோரும் உண்டு. தென் கன்னடத்து முல்கி வேங்கடரமணர் ஆலயத்தார், தங்கள் கோயில் கௌட ஸாரஸ்வத ஸமூகத்திற்கே உரியதென வழக்காடினர். வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. சில விசேஷ கைங்கரியங்களில் மாத்திரம் அச்ஸமூகத்தார் தனித்து வழிபடலாம், ஏனைய வேளைகளில் அனைத்து இந்துக்களுக்கும் வாயில் திறந்திருத்தல் வேண்டும் என்று 1957-இல் தீர்ப்பாயிற்று. அஞ்சியவாறு ஆராதனம் நின்றுவிடவில்லை, ஸேவார்த்திகளே பெருகினர். திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிவர் தோளில் சுமந்து திருவரங்கத்து ஸந்நிதிக்கு எழுந்தருளச் செய்த வரலாற்றைப் போற்றும் நமக்கு இதில் வியப்பேது?

பெண்மக்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுத்த சட்டமும் 1947-இல் அவர் ஆட்சியிலேயே நிறைவேறிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் பல்லாண்டுகள் பாடுபட்டதன் பயன் அது. 1948-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 2-இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவிற்று.

நேர்மை அவருக்கு அணிகலன். அதுவே அவருக்குப் பகையையும் ஈட்டித் தந்தது. நிர்வாகத்தில் கட்சியினர் தலையிடுவதையும் வேண்டியவர்க்குச் சலுகை கேட்பதையும் அவர் பொறுப்பதில்லை. சொந்தக் கட்சியிலேயே அதிருப்தி வளர்ந்தது. பதவியைக் காக்க எவரிடமும் பேரம் பேசாமல், 1949 ஏப்ரலில் விலகினார். குமாரசாமி ராஜா அடுத்துப் பொறுப்பேற்றார்.

விலகியபின் மனம் புழுங்கி இருந்தாரில்லை. வள்ளலார்பால் கொண்ட ஈடுபாட்டால் வடலூர் சேர்ந்து, ஏழைச் சிறாரின் கல்விக்கும் ஆதரவற்றோரின் நலத்திற்கும் உழைத்தார். 1970 ஆகஸ்டு 25-இல் உலக வாழ்வை நீத்தார். சென்னையில் அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் ஆண்டது ஈராண்டுகளே. ஆட்சி நீள வேண்டுமென்று அவர் ஒருபோதும் அறத்தை விலை பேசவில்லை. வந்த பதவியை எம்பெருமான் தந்த கைங்கரியமாகக் கொண்டு, அது முடிந்தபோது மேல்துண்டை உதறித் தோளிலிட்டுப் புறப்படும் உழவனைப்போல் எழுந்து சென்றார். ஸந்நிதியில் தீர்த்தமும் சடாரியும் பெறும் வேளையில், முன்பு அவை பெறாமல் வெளியே நின்ற அடியார்களையும், அவர்களுக்கு வழிவிட்ட இப்பெரியாரையும் ஒரு கணம் நினைவிற் கொள்ளுமாறு அன்பர்களை அடியேன் வேண்டுகிறேன்.

சுபம்.