வரகுண பாண்டியனும் ஐவர்மலையும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பாண்டிய மன்னர்களில் வரகுணன் என்ற பெயருடையோர் இருவர். பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். இதனால் வரலாறு படிக்கும் நமக்குத்தான் குழப்பம்! நான் எழுத எடுத்துக்கொண்டது பேரனாகிய இரண்டாம் வரகுணனை.

இவன் தந்தை சீமாறன் சீவல்லபன் பெரும் போர்வீரன். இலங்கைமீது படையெடுத்து, அங்கிருந்த பொன்னாலான புத்தர் சிலை முதலிய செல்வங்களை அள்ளி வந்தான். 862ஆம் ஆண்டையொட்டி இலங்கை வேந்தன் இரண்டாம் சேனனின் படை மதுரைக்குள் புகுந்து, நகரைச் சூறையாடி, சிலையையும் மீட்டுச் சென்றது. அத்துடன் தந்தையின் காலம் முடிந்தது. கொள்ளை போன தலைநகரமே வரகுணனுக்குக் கிடைத்தது.

வரகுணன் சிறந்த சிவபக்தன். முருகனையும் மறந்தானில்லை. திருச்செந்தூர்க் கோயிலுக்கு 1,400 பொற்காசுகள் அளித்தான். அக்காசுகளைப் பல ஊரார் பெற்று, முதல் குறையாமல் ஆண்டுதோறும் வட்டியைக் கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எவ்வளவு கவனமான மன்னன் பாருங்கள்!

ஆனால் போரில் அவனுக்கு நற்பேறு இல்லை. 880ஐ ஒட்டிக் கும்பகோணத்திற்கு அருகே திருப்புறம்பயத்தில் பல்லவன் அபராசிதனிடம் தோற்றான். பல்லவனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பிருதிவீபதியும் அக்களத்தில் மாண்டான். உண்மையில் ஆதாயம் அடைந்தவர்கள் சோழர்களே. வரகுணனுக்குப்பின் அவன் தம்பி பராந்தக வீரநாராயணன் பட்டம் ஏறினான்.

இம்மன்னனுக்கும் நம் திண்டுக்கல் மாவட்டத்திற்கும் ஓர் உறவு உண்டு. பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில் ஐவர்மலை இருக்கிறது. பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்பர் ஊரார். அயிரை என்பதே பழைய பெயர். சென்ற விடுமுறையில் பெற்றோருடன் அதில் ஏறினேன். நீண்ட பாறைக் குகையின் நெற்றியில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. என் தம்பி அவற்றைப் புத்தர் என்றான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்! முற்காலத்தில் சமண முனிவர்கள் இங்கே தங்கித் தவம் செய்தனர். அந்த ஒன்பதாம் நூற்றாண்டில்தான், தொலைவிலுள்ள அயர்லாந்தில் துறவியர் மடங்களை வைக்கிங் கொள்ளையர் எரித்துக்கொண்டிருந்தனர். இங்கோ, சிவபக்தனான அரசனின் ஆட்சியில் சமணர் மலை புதுப்பிக்கப்பட்டது.

அதைச் செய்தவர் குணவீரரின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர். பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, அவற்றின் வழிபாட்டிற்கும், துறவி ஒருவரின் அன்றாடச் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்தார். இச்செய்தியைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டு, அது சக ஆண்டு 792 என்றும், வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் குறிக்கிறது. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் 870 வரும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வரகுணன் 862இல் முடிசூடினான் என்று அறிஞர்கள் கண்டனர். அவனுக்கு முன்னும் பின்னும் ஆண்ட பாண்டியர்களின் காலத்தையும் இதைக் கொண்டே கணக்கிட்டனர்.