காற்றினை ஏவல்கொண்ட பெருமகனார்

ஓடுதற்கு வழி கண்டவரை உலகம் விரைவில் பாராட்டிவிடுகிறது. நிற்றற்கு வழி கண்டவரை அஃது எளிதில் நினைப்பதில்லை. நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டையும், புகைவண்டித் தொழிலுக்கு வழிகாட்டிய ஜார்ஜ் ஸ்டீவன்சனையும் அறியாத மாணவர் இலர். அவ்வண்டியை வேண்டிய இடத்தில் வேண்டியபொழுது நிறுத்திக் காட்டியவர் யாவர் என வினவினால், விடை கூறுவார் மிகச் சிலரே. அவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கப் பொறிவல்லுநர்.

அவர்தம் இளமைக் காலத்தில் அமெரிக்க நாட்டில் புகைவண்டியை நிறுத்திய முறை எண்ணுதற்கே அச்சம் தருவதாகும். ஒவ்வொரு பெட்டியிலும் கையால் திருகும் சக்கரம் ஒன்று இருக்கும். அதனைத் திருகினால் சங்கிலி இறுகும். கட்டைகள் வண்டியின் சக்கரங்களைப் பற்றும். எஞ்சின் ஓட்டுநர் ஊதலை ஒலித்த அளவில், தடையாளர் எனப்படும் பணியாளர் பெட்டிதோறும் சென்று அச்சக்கரத்தைத் திருகுதல் வேண்டும். சரக்கு வண்டிகளிலோ அது கூரையின்மேல் அமைந்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் கூரையிலே, மழையிலும் உறைபனியிலும், இரவிலும் பகலிலும், ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குத் தாவிச் சென்று அவர்கள் தொழில் செய்தனர். கால் வழுக்கி வீழ்ந்து மாண்டோர் பலர்; கை கால் இழந்தோர் அவரினும் பலர். இத்துணை உயிர் கொடுத்தும் வண்டி குறித்த இடத்தில் நின்றதா எனின், அதுவும் இல்லை. முன்பெட்டி தடைப்பட்ட பின்னரே அடுத்த பெட்டி தடைப்படும். அதற்குள் வண்டி நெடுந்தொலைவு ஓடிவிடும்.

வெஸ்டிங்ஹவுஸ் 1846ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துச் சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவுக்குரிய பொறிகள் செய்யும் பட்டறை உடையவர். குடும்பம் 1856ஆம் ஆண்டில் ஷெனெக்டடி நகரில் குடியேறியது. பள்ளியினும் பட்டறையே இளைஞரின் மனத்தைக் கவர்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டபொழுது படையிற் சேர்ந்து, முதலில் குதிரைப் படையிலும் பின்னர்க் கடற்படையில் பொறியாளராகவும் பணியாற்றினார். போர் முடிந்து யூனியன் கல்லூரியிற் சேர்ந்தார். மூன்று திங்கள் அளவில் அதனை விட்டு நீங்கினார். மாணவர் இதனை முன்மாதிரியாகக் கொள்ளுதல் வேண்டா. கல்லூரியை விட்டவர் கல்வியை விட்டாரல்லர். சுழல்முறை நீராவி எஞ்சின் ஒன்றிற்கு அவர் காப்புரிமை பெற்ற ஆண்டும் அந்த 1865ஆம் ஆண்டே.

ஷெனெக்டடிக்கும் டிராய் நகருக்கும் இடையே அவர் பயணம் செய்தபொழுது, இரு சரக்கு வண்டிகள் மோதி வழியடைத்துக் கிடக்கக் கண்டார். வெட்டவெளி, நேரான பாதை, நண்பகல். ஓட்டுநர் இருவரும் எதிர்வரும் வண்டியைத் தெளிவாகக் கண்டிருந்தனர். கண்டும் நிறுத்த இயலவில்லை. கண்ணுக்கும் கைக்கும் குறையில்லை, கருவிக்கே குறை என்பதை அவ்விளைஞர் உணர்ந்தார். தடைகள் அனைத்தும் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் கையில் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவருள்ளத்தில் வேரூன்றியது.

முதலில் நெடுஞ்சங்கிலி ஒன்றால் எல்லாத் தடைகளையும் இழுக்க முயன்றார். பெட்டிகள் பலவானவிடத்து அது பயன்படவில்லை. நீராவியைக் குழாய்வழிச் செலுத்தலாமா என்று ஆராய்ந்தார். நெடுங்குழாயிற் செல்லும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும்; பனிக்காலத்தில் உறைந்தும் போகும். இவ்வாறு வழி தெரியாதிருந்த நாளில், இதழுக்குச் சந்தா சேர்க்க வந்த இளநங்கையரின் வேண்டுகோளுக்கு இரங்கி அவர் இதழ் ஒன்றை வாங்கினார் என்பர். அவ்விதழிலே, பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே மோன் செனி மலையைக் குடைந்து இருப்புப்பாதை அமைக்கும் செய்தி வந்திருந்தது. அங்கே பாறையைத் துளைத்த கருவிகளை இயக்கியது அழுத்தப்பட்ட காற்று. அக்காற்று ஆயிரக்கணக்கான அடி நீளமுள்ள குழாய்வழியே சென்றது. வெஸ்டிங்ஹவுஸ் தேடிய பொருள் கிடைத்துவிட்டது. காற்று குளிர்ந்து நீராவதில்லை. அதற்கு விலையும் இல்லை.

காற்றைக்கொண்டு வண்டியை நிறுத்துவதா என்று நகைத்தவர் உண்டு. ஆயினும், பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஸ்டூபன்வில் செல்லும் வண்டி ஒன்றில் அவர் தம் கருவியைப் பொருத்தி ஆய்ந்து பார்க்க இசைவு பெற்றார். வண்டி சுரங்கவழியைக் கடந்து வெளிப்பட்ட அளவில், பாதையைக் குதிரைவண்டி ஒன்று குறுக்கிட்டது. குதிரைகள் மிரண்டன, வண்டிக்காரர் தண்டவாளத்தின்மீது வீழ்ந்தார். எஞ்சின் ஓட்டுநர் டேனியல் டேட் காற்றைத் திறந்துவிட்டார். உள்ளே அமர்ந்திருந்த அலுவலர்கள் இருக்கையினின்றும் தூக்கி எறியப்பட்டனர்; வண்டியோ வீழ்ந்தவருக்கு நான்கடித் தொலைவில் நின்றது என்று வரலாறு கூறும். அதன்பின் நகைத்தவர் வாய் அடங்கிற்று. காப்புரிமையும், அக்கருவியைச் செய்தற்கென நிறுவிய தொழிலகமும் 1869ஆம் ஆண்டுக்குரியவை. அப்பொழுது அவருக்கு அகவை இருபத்து மூன்றும் நிரம்பவில்லை.

இவ்வளவில் நின்றிருப்பாராயின் அவரைப் பற்றி எழுதப் பெரிதும் ஒன்றும் இராது. முதற்கருவியில் பெருங்குறை ஒன்று இருந்தது. காற்று எஞ்சினிலிருந்து சென்றாலன்றித் தடை வேலை செய்யாது. இடையே குழாய் அறுந்தால், அல்லது பெட்டிகள் பிரிந்தால், தடை முற்றும் இழக்கப்படும். மிக வேண்டியபொழுதே கைவிட்டுவிடும். வெஸ்டிங்ஹவுஸ் 1872ஆம் ஆண்டில் இம்முறையைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத்தொட்டியையும், மும்முறை வால்வு என்னும் நுட்பமான கருவியையும் வைத்தார். வண்டி நெடுகச் செல்லும் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தொட்டி நிரம்பும், தடை விடுபட்டிருக்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால், தொட்டியிலுள்ள காற்று உருளையினுட் புகுந்து தடையை இறுக்கும். அழுத்தம் மீண்டும் ஏறினால், உருளையின் காற்று வெளியேறித் தடை தளரும். நிரப்புதல், பற்றுதல், விடுதல் என்னும் மூன்று தொழிலும் உடைமையின் அது மும்முறை வால்வு எனப்பட்டது. இனிக் குழாய் அறுந்தால் வண்டி ஓடாது, தானே நிற்கும். நம் நாட்டு இருப்புப்பாதைகளில் நெடுங்காலம் வழங்கியது வெற்றிடத்தடை என்னும் வேறொரு முறை. அதனை விடுத்துக் காற்றுத்தடையை மேற்கொண்டது பிற்காலத்தது.

பற்றுதலும் விடுதலும் துறவுநூலார்க்கே உரிய சொற்கள் என்று நாம் எண்ணியிருக்கிறோம். பொறிநூலார்க்கும் அவை உயிர்நிலையான சொற்களாகும். பற்ற வேண்டியபொழுது பற்றாத தடை கேடு செய்யும் என்பது யாவர்க்கும் தெரியும். விட வேண்டியபொழுது விடாத தடையும் அத்துணைக் கேடு செய்யும் என்பதைத் தொழிலில் பழகியவரே அறிவர். அயோவா மாநிலத்துப் பர்லிங்டன் நகரை அடுத்து 1886, 1887ஆம் ஆண்டுகளில் ஐம்பது பெட்டிகள் கொண்ட நெடுஞ்சரக்கு வண்டிகளில் பலருடைய தடைக்கருவிகளும் ஆராயப்பட்டன. வெஸ்டிங்ஹவுசின் கருவி அங்கே தோல்வியுற்றது. முன்பெட்டிகள் பற்றிய நெடுநேரத்துக்குப் பின்னரே கடைப்பெட்டிகள் பற்றின. பின்னவை முன்னவற்றின்மீது பேரதிர்ச்சியுடன் மோதின. அவர் சோர்ந்திலர். அந்த 1887ஆம் ஆண்டிலேயே விரைவியக்க வால்வினை ஆக்கினார். ஒவ்வொரு பெட்டியும் தன் வால்வின்வழியே குழாய்க்காற்றில் ஒரு பகுதியை உடனுக்குடன் குறைத்து, அடுத்த பெட்டிக்குச் செய்தியை விரைந்து அனுப்புமாறு அதனை அமைத்தார். பின்னர் ஐம்பது பெட்டி வண்டியை ஊர்தோறும் கொண்டு சென்று நிறுத்திக் காட்டினார்.

விடுதலில் இருந்த இடர் வேறு வகையானது. ஓட்டுநர் மீண்டும் காற்றைச் செலுத்தும்பொழுது முன்பெட்டிகளே முதலில் அதனைப் பெற்றுத் தளரும். கடைப்பெட்டிகள் இன்னும் பற்றிக்கொண்டிருக்கும். பொறுமையின்றி எஞ்சினை முன்செலுத்தினால் இணைப்பு அறுந்து வண்டி இரண்டாகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்தம் தொழிலகத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். பின்பெட்டிகளை விரைவுபடுத்துவதினும், முன்பெட்டிகள் சற்றுத் தாழ்த்தே விடுமாறு செய்தல் நன்று என அறிந்து, அதற்கேற்ற வால்வினை அமைத்தனர்.

இதற்குள் தடையாளர்தம் துயர் நாட்டின் மனத்தைத் தொட்டிருந்தது. லொரென்சோ காபின் என்னும் அயோவா உழவர் அவர்கள் பொருட்டுப் பல்லாண்டு ஊர்தோறும் பேசியும் எழுதியும் வந்தார். அதன் பயனாக, 1893ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன், மாநிலங்களிடையே ஓடும் வண்டிகளில் எஞ்சின் ஓட்டுநரே இயக்கும் தடையும், தானே பூட்டிக்கொள்ளும் இணைப்பும் கட்டாயம் வேண்டும் என்னும் சட்டத்தில் ஒப்பமிட்டார். கூரைமேல் தாவி ஓடும் தொழில் மெல்ல மெல்ல மறைந்தது.

வெஸ்டிங்ஹவுஸ் மின்துறையில் ஆற்றிய பணி தனியே ஒரு பாடமாகத் தகுவது. மாறுமின்னோட்டமே நெடுந்தொலைவுக்கு ஏற்றது எனத் தேர்ந்து, நிக்கோலா டெஸ்லாவின் காப்புரிமைகளை 1888ஆம் ஆண்டில் பெற்றார். 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ பொருட்காட்சிக்கு ஒளியூட்டினார். 1896ஆம் ஆண்டில் நயாகரா அருவியின் ஆற்றல் அவருடைய பொறிகளின்வழியே பஃபலோ நகரை எட்டியது. எனினும், 1907ஆம் ஆண்டில் நேர்ந்த பொருள் நெருக்கடியில், தாமே தோற்றுவித்த மின்பொறி நிறுவனத்தின் ஆட்சி அவர் கையை விட்டு அகன்றது. அவர் 1914ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் நியூயார்க்கில் உயிர் நீத்தார். துணைவியார் மார்கரீட் அம்மையாரும் அவ்வாண்டிலேயே மறைந்தார். முன்னாள் போர்வீரர் ஆதலின் ஆர்லிங்டன் நாட்டுரிமை இடுகாட்டில் அவர்க்கு இடம் கிடைத்தது.

அவர் மறைந்த பின்னர், பெரிய லாரிகளுக்கும் காற்றுத்தடை வந்தது. அவர் நிறுவிய தொழிலகம் 1930ஆம் ஆண்டில் பெண்டிக்ஸ் நிறுவனத்தோடு கூடி, அதற்கெனத் தனி நிறுவனமே அமைத்தது. லாரியின் மிதியை அழுத்தினால், சக்கரத்தருகே உள்ள அறையிற் காற்றுப் புகுந்து தண்டினைத் தள்ளும். தண்டு உருள்கோலைத் திருப்பும். கட்டைகள் விரிந்து சக்கரத்தின் குடத்தை உட்புறமாகப் பற்றும். மிதியை விட்டால், அச்சின் அருகிலுள்ள வால்வின்வழியே காற்று உஸ் என்னும் ஒலியுடன் வெளியேறும். வில் தண்டினை உள்ளிழுக்கும். இதில் தாழ்வு நேருமாயின், வண்டி இழுக்க மாட்டாமல் திணறும், குடம் சுடும், கட்டை கருகும். மேலும் புறக்கணித்தால் டயரும் தீப்பற்றும்.

தேர்ந்த பணியாளர், கண்டவுடன் எதனையும் கழற்றத் தொடங்குவதில்லை. சக்கரங்களுக்கு அடைகட்டை இட்ட பின்னர், முதலில் அழுத்தமானியை நோக்குவர். நிறுத்தி வைத்தற்குரிய தடையைப் பெருவில் ஒன்று இறுக்குகிறது. காற்றே அதனை விலக்கி வைத்திருக்கிறது. ஆதலின் தொட்டியில் அழுத்தம் போதாவிடின் அது முற்றும் விடாது. அழுத்தம் நிறைந்திருந்தும் குற்றம் நீங்காதாயின், அஃது எல்லாச் சக்கரங்களிலுமா, ஓர் அச்சிலா, ஒரு சக்கரத்திலா என ஆராய்வர். எல்லாவற்றிலும் எனின் மிதியையும் அதன் வால்வையும் ஐயுறுவர். மிதியின் அடியிற் சேர்ந்த மண்ணே அதனை முழுதும் எழவொட்டாமல் தடுத்திருக்கவும் கூடும். ஓர் அச்சில் எனின், அவ்வச்சுக்குரிய வால்வின் வெளிவாய் சேற்றால் அடைபட்டதா, எண்ணெய் கலந்த காற்றால் உள்ளிருக்கும் ரப்பர் பருத்ததா என்று பார்ப்பர். ஒரு சக்கரத்தில் மட்டும் எனின், ஒருவர் மிதியை அழுத்தி விட, மற்றொருவர் கீழே குனிந்து செவியும் கண்ணும் கொடுத்து நிற்பர். காற்றொலி மெலிந்து நீளுமாயின் குழாய் நெளிந்ததோ உள்ளே சுருங்கியதோ எனத் தேடுவர். ஒலி உடனே அடங்கியும் தண்டு தயங்கித் தயங்கித் திரும்புமாயின், காற்றின்மேற் குற்றமில்லை என விடுத்து, உருள்கோலின் துருவை நீக்கி மசகிட்டு, தளர்ந்த வில்லை மாற்றுவர்.