நாவலர் பெருமானும் கட்டுரைக் கல்வியும்

நல்லூரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் தோன்றியவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராக அமர்ந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உறுதுணையாயிருந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அப்பதவியையும் துறந்தார்.

சிறுவர் கையிற் கொடுக்கத்தக்க வசன நூல்கள் அரிதாயிருந்த காலம் அது. செய்யுளை நெட்டுருச் செய்தல் ஒன்று. தன் கருத்தைத் தெளிந்த வசனத்தில் நிறுத்துதல் வேறொன்று. இதனை உணர்ந்த நாவலர், அச்சியந்திரம் நிறுவிப் பாலபாடங்களை வெளியிட்டார். நான்காம் பாலபாடத்திற் களவு, சூது, செய்ந்நன்றியறிதல் முதலிய தலைப்புகளில் வசனங்கள் உள. களவாவது யாது என வரையறுத்துத் தொடங்கி, அதனால் வரும் கேட்டை விரித்துச் செல்வது அவர் முறை. நிறுத்தக் குறிகளை வசனத்தில் வழங்கச் செய்தவரும் அவரே.

தலைப்பும் குறிப்பும் தந்து கட்டுரை எழுதுவிக்கும் ஆசிரியர்க்கு இம்முறை நல்வழிகாட்டி. யாது, ஏன், விளைவு என்ன, செய்யத்தக்கது யாது என நான்கு வினாக்களைக் கரும்பலகையில் எழுதினாற் போதும். வினா எலும்பு; மாணவன் சிந்தனையே உயிர். பிறர் எழுதியதை மனனஞ்செய்து பரீட்சைத் தாளில் இறக்குவோனுக்கு அவ்வுயிர் வாய்ப்பதில்லை.

எழுத்தின் ஆற்றலுக்கு நம் மன்னாரே சான்று. பாலாவிக் கரையிலே பாழுற்றுக் கிடந்த திருக்கேதீச்சரத்தை நினைவூட்டி 1872இல் நாவலர் எழுதினார். அவ்வெழுத்து விதைத்த எண்ணம் பின்னர்த் திருப்பணியாய் விளைந்தது. அவரோ 1879 டிசம்பர் 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

மாணவர்காள்! பாலாவிக் கரை என்பதையே தலைப்பாகக் கொண்டு, நீவிர் கண்டதை நும் சொல்லால் எழுதுமின்.