ஒரு வரியும் ஒன்பது ஆண்டுகளும்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் பேராசிரியர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார். நான் பெயரையும் வரிசை எண்ணையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். நாளைக்கு வேலை உண்டா என்ற பேச்சு என் வீட்டில் உண்டு. பத்து ஆண்டு கழித்து என்ன என்ற பேச்சு எழுந்ததே இல்லை. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த தந்தைக்கும், அதுவும் அறியாத தாய்க்கும் பிறந்து, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெரிதாக எதையோ எழுதி அது நடவாமற் போனால், அந்தத் தாளே என்னைப் பார்த்துச் சிரிக்காதா?

அந்த அச்சத்தைப் போக்கியவர் மைக்கேல் பாரடே. இயற்பியல் நூலில் விதியின் பெயராக மட்டும் நான் அறிந்திருந்தவர். அவர் வாழ்க்கையைப் படித்த பிறகே அவரும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது.

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பாரடே பிறந்தார். தந்தை இரும்படிக்கும் கொல்லர். அடிக்கடி நோயில் விழுந்தவர். விலைவாசி ஏறிய 1801இல் சிறுவன் பாரடேக்கு ஒரு வாரத்திற்குக் கிடைத்தது ஒரே ஒரு ரொட்டி. படிக்கவும் எழுதவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு முதல் ஏழாண்டுகள் அங்கேயே புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைப் பழகினார்.

பைண்டு செய்ய வந்த நூல்களை அவர் படித்தார். படித்ததையும் கேட்டதையும் குறித்துவைக்க வேண்டும் என்று ஐசக் வாட்ஸ் என்பவரின் நூல் ஒன்று கூறியது. அதை ஏற்றுக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். 1812இல் கடைக்கு வரும் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றை 300 பக்கங்களுக்கு மேல் விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. பட்டமோ சிபாரிசோ இல்லாத இளைஞனுக்குக் கதவைத் திறந்தது அவன் கையெழுத்துதான்!

மின்னோட்டம் செல்லும் கம்பி, அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரத்தைப் பெற இயலாதா? 1822இல், செய்யவேண்டிய ஆய்வுகளைக் குறித்துவைக்கும் ஏடு ஒன்றில் பாரடே இதையும் ஒரு வரியாக எழுதி வைத்தார்.

எழுதியவுடன் நடந்துவிட்டதா? இல்லை. 1824இல் முயன்றார், பலன் இல்லை. 1825இல் முயன்றார், 1828இலும் முயன்றார், ஊசி அசையவில்லை. அசையவில்லை என்பதையும் எழுதி வைத்தார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் யோசித்தேன். எந்தத் தாள் சிரிக்கும் என்று நான் அஞ்சினேனோ, அப்படிப்பட்ட தாளில் அவர் தம் தோல்வியையும் தேதியிட்டு எழுதியிருக்கிறார். அது சிரிக்கவில்லை; எந்த வழியில் போய்ப் பார்த்தாயிற்று என்பதை அவருக்கு நினைவூட்டியது.

1831 ஆகஸ்ட் 29ஆம் நாள். 6 அங்குல விட்டமுள்ள இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனிக் கம்பிச்சுருள்கள். ஒன்றை மின்கலத்தோடு இணைத்த கணத்தில், மற்றொன்றின் அருகிலிருந்த ஊசி துள்ளி நின்றது. இணைப்பை நீக்கியபோது மீண்டும் துள்ளியது. காந்தம் இருந்தால் மட்டும் போதாது, காந்தப்புலம் மாறவேண்டும் என்பதே அதில் மறைந்திருந்த உண்மை. அக்டோபர் 17இல் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தி மின்னோட்டம் கண்டார். அம்மாத இறுதியில், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்னோட்டம் பெற்றார். நம் மேட்டூர் அணையில் சுழலும் மின்னாக்கிகளுக்கும் இதுவே அடிப்படை. ஒரு வரி நிறைவேற ஒன்பது ஆண்டுகள்!

அவர் நாட்குறிப்பில் எண்ணிட்ட பத்திகள் மட்டுமே 16,000க்கு மேல். எழுதிய எல்லாம் கைகூடவில்லை. ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு தேடி 1849இல் செய்த சோதனைகள் வெற்றி பெறவில்லை. 1862இல் சுடரொளியின் நிறமாலையைக் காந்தம் மாற்றுமா என்று பார்த்தார், மாற்றம் தெரியவில்லை. 1867 ஆகஸ்ட் 25இல் அவர் மறைந்தார். பிற்காலத்தில் அந்த முயற்சியைப் பற்றிப் படித்த ஸீமான் என்ற டச்சு விஞ்ஞானி, 1896இல் மேலும் நுட்பமான கருவிகளால் அதே சோதனையைச் செய்து வென்றார். எழுதி வைத்த ஆசை எழுதியவரோடு சாகவில்லை.

பாரடேயின் வரியில் நான் கண்டது இன்னொன்று. தாம் என்ன ஆகவேண்டும் என்று அவர் அங்கே எழுதவில்லை. என்ன செய்யவேண்டும் என்று எழுதினார். பதவியை எழுதினால் காத்திருக்க வேண்டும். செயலை எழுதினால் நாளைக் காலையே தொடங்கலாம்.

சென்ற பருவத் தேர்வில் துணைப்பாடமான கணிதத்தில் நான் தவறிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அரியர் என்பதையே அம்மாவுக்கு முதலில் விளக்கவேண்டும். அன்றிரவு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதினேன். தினமும் ஐந்து கணக்குகள் போடுவது முதல் வரி. இயற்பியலில் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பிப்பது இரண்டாவது வரி. போடாத நாள்களையும் மறைக்காமல் கீழே குறித்தேன். அவை சற்று அதிகந்தான். ஆயினும் மறுதேர்வில் தேறினேன். முதல் வரியை அடிக்க மனமில்லாமல் பக்கத்தில் தேதி மட்டும் போட்டேன். இரண்டாவது வரி காத்திருக்கிறது.

மாணவத் தோழர்களே! உங்கள் நோட்டிலும் கடைசிப் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? இன்றே ஒரு வரி எழுதுங்கள்.