பாட்டை வெறுக்காத அர்ச்சியசிஷ்டர்

தெருப்பாட்டும் வேடிக்கையும் பக்திக்குப் பகையென்று எண்ணுகிறீர்களா? அர்ச். பிலிப்பு நேரியாரின் சீவியத்தைக் கேளுங்கள். 1515-ல் பிளாரன்ஸ் நகரில் பிறந்து, 1551-ல் உரோமாபுரியில் குருப்பட்டம் பெற்றவர் இவர். நகைச்சுவைப் புத்தகங்கள் இவருக்கு மெத்தப் பிரியம். தபசுகாலத்துக்கு முந்திய கார்னிவல் நாட்களில் வாலிபர் முகமூடியணிந்து வரம்பு மீறித் திரிவார்கள். இவரோ அவர்களைச் சபியாமல், பாட்டும் வாத்தியமுமாய் ஏழு தேவாலயங்களைச் சந்திக்க அழைத்துப் போனார். வழியில் தோட்டத்தில் விருந்தும் உண்டு. ஜனங்கள் பாடிய மெட்டுகளே இவருடைய ஜெபக்கூட்டத்தில் ஞானகீதங்களாயின. இதெல்லாம் புதுமையென்று கோள் கிளம்பவே, 1559-ல் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் இவருக்குச் சில நாள் தடை விழுந்தது. முறுமுறுக்காமல் கீழ்ப்படிந்தார், தடை நீங்கியது. 1595-ல் மரித்தார், 1622-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். உங்கள் பிள்ளைகள் பாடினால் வாயை அடைக்காதீர்கள். பாட்டை ஆண்டவர் பக்கம் திருப்பிவிடுங்கள்.